பாதையைப் பயங்கரமாக்கிவிட்டு, பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள்



நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இரவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசிக்காமல் கொமன்ட் போட வேண்டாம்.

சென்ற விடுமுறையில் எமது ஊர் இளைஞர்கள் கொஞ்சப் பேர் வேன் பிடித்து நுவரெலியா போய் வந்தார்கள். நல்ல விடயம், போகத்தான் வேண்டும். கிரகரி வாவிக்கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓடியிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து போகும் ஒரு சின்ன றோட்டில் நின்று எடுத்த படங்களும் வந்தன. வாகனம் இல்லை, சத்தம் இல்லை, பனி மட்டும். அதற்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார்: இந்த அமைதியில் சைக்கிள் ஓடுறதுக்கு எங்கட ஊரில் எங்க வழி?

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. வழி இருந்தது தம்பி. குளக்கட்டில் இருந்தது, வாய்க்கால் கரையில் இருந்தது, வயலுக்குப் போகும் கிரவல் பாதையில் இருந்தது. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை யார் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பேசத்தான் எமது ஊரில் ஆள் இல்லை.

மலைநாட்டுக்குச் சைக்கிளோடு வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டு வருகிறார்கள். வந்து கண்டி–நுவரெலியா பிரதான வீதியில் பஸ் ஹோர்னுக்கு நடுவில் ஓடுவதற்கா? இல்லை. கொழுந்து லொறி போவதற்காக அந்தக் காலத்தில் வெட்டிய தோட்டப் பாதைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கத்தில் பிரேக் கட்டை தேயும். இருந்தும் வருகிறார்கள். பக்கத்தில் ஓடுகிறவரின் பேச்சுக் காதில் விழுமளவுக்கு அமைதியான ஒரு றோட்டு அவர்களுக்கு அவ்வளவு பெறுமதி. அதே தோட்டத்தில் லயத்தில் இருக்கும் பிள்ளை அந்த ஏற்றத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக முடியாது, நடந்துதான் ஏறுகிறது. அங்கே சைக்கிள் வந்துபோகிறவரின் பொழுதுபோக்கு.

எங்களுக்கு அல்லாஹ் தந்தது சமதரை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெங்கலசெட்டிகுளம் பிரதேசத்தில் ஒரு பிள்ளை ஏறக்கூடிய ஆகப்பெரிய மேடு குளக்கட்டுத்தான். கியர் வேண்டாம், விலை கூடிய சைக்கிளும் வேண்டாம். 12 வயதுப் பிள்ளை பழைய லுமாலாவில் 5 கிலோமீற்றரை அரை மணித்தியாலத்துக்குள் ஓடிவிடும். நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், அதுவும் வெயிலில். பாவற்குளத்தில் இருந்து வாய்க்கால் போகும் திசைகளைப் பாருங்கள். வயலும் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் அந்தக் கோடுகளில்தான் இருக்கின்றன. தண்ணீர் ஓடச் சரிவு குறைவாக இருக்க வேண்டும். அதே காரணத்தால்தான் அந்தப் பாதையில் பெடலும் இலேசாக இருக்கிறது. யாரும் சைக்கிளுக்கென்று திட்டம் போட்டு அமைக்காத, ஆனால் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமாக அமைக்க முடியாத பாதைகள்.

இந்த மண்ணில் சைக்கிள் என்ன செய்தது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் எரிபொருளும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டார்கள். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாமே கரியரில் போயின. 2009இல் எமது பிரதேசத்து மெனிக் பாம் முகாமுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைக்கப்பட்டிருந்தது. 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. ஊர் திரும்பிய சனத்துக்கு முதலில் தேவைப்பட்ட சாமான்களில் ஒன்று சைக்கிள். இந்திய அரசு வடக்கின் மீள்குடியேற்றத்துக்கு 10,000 சைக்கிள் கொடுத்தது அதனால்தான். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பிறகு பற்றை வெட்டிக் குடியேறிய எமது சனத்துக்கும் முதல் வாகனம் அதுதான். மோட்டார் சைக்கிள் வந்தது பிறகு, லீசிங்கில்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5. ஊர் முழுக்கச் சைக்கிளைத் தூசி தட்டினோம். ஆசிரியர்கள் சைக்கிளில் வந்தார்கள், ஹஸ்ரத்மாரும் சைக்கிளில் வந்தார்கள். கல்யாண வீட்டுக்குக் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போனார்கள். எட்டாம், ஒன்பதாம் தரப் பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சில மாதங்கள் எமது உள்வீதிகள் எவ்வளவு அமைதியாக இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். சில்லு கிரவலில் உருளும் சத்தமும் மணிச்சத்தமும்தான். பெற்றோல் திரும்பி வந்தது. பெண்பிள்ளையின் சைக்கிள் மட்டும் திரும்பக் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டது.

இனி விடயத்துக்கு வருவோம்.

பெண்பிள்ளை தரம் 8, 9 வந்ததும் சைக்கிளை நிறுத்துகிறார்கள். எமது சின்னக் கிராமங்களில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஓ.எல். வரைக்கும்தான். ஏ.எல். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்கு பஸ் பிடிக்கச் சந்திக்கு வர வேண்டும். வீட்டில் இருந்து சந்திக்கு 3, 4 கிலோமீற்றர். வாப்பா காலையில் வயலுக்கோ கடைக்கோ போயிருப்பார். நானா வெளிநாட்டில். ஆட்டோவுக்கு மாதக் காசு கட்ட வசதி இல்லை. அந்த 4 கிலோமீற்றரில் எத்தனை பிள்ளைகளின் ஏ.எல். முடிந்துபோனது என்று எம்மைப் போல வகுப்பில் இடாப்பு மார்க் பண்ணுகிறவர்களுக்குத் தெரியும். முதலில் திங்கள் வராது. பிறகு மழை நாளில் வராது. பிறகு பேரே கூப்பிடத் தேவையில்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கணித பாடத்தில் ஏ எடுக்க முடிந்தது, சந்திக்கு வர முடியவில்லை.

கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, றோட்டு பயங்கரம். மற்றது, பார்க்க நல்லா இல்லை.

முதல் காரணம் உண்மை. ஆனால் அதை யார் வாயால் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எமது உள்வீதியில் வெளியூர்க்காரன் யாரும் வந்து பறப்பதில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு அஸர் நேரத்தில் சந்திக்கும் மைதானத்துக்கும் இடையில் பறப்பது எமது பையன்கள். ஓ.எல். எழுதிய கையோடு, லைசன் எடுக்கும் வயசு வருவதற்கு முதலே, பைக் வாங்கிக் கொடுப்பது எமது வாப்பாமார். கிரவலும் மண்ணும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் குளக்கட்டால் போகும் டிப்பருக்கு உரிமையாளர் இருக்கிறார். ஜும்ஆவில் முன் ஸஃப்பில்தான் இருக்கிறார். அவர்களேதான் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த றோட்டில் பொம்பிளப் பிள்ளைகளைச் சைக்கிளில் விடுவது சரியில்லை என்கிறார்கள். பாம்பை அவிழ்த்து விட்டவன், வெளியே வராதே பாம்பு நிற்கிறது என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற கதை இது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், ஆசிரியத் தொழில் விடாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பைக் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகும். பிள்ளையைக் கண்டு மூளை விளங்கிக் கால் பிரேக்கைத் தொடவே ஒரு செக்கன் ஆகும். ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 17 மீற்றர் முடிந்துவிட்டது. 30இல் வந்தால் அது 8 மீற்றர்தான். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. இது தரம் 10 விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள பாடம். 5 கிலோமீற்றர் உள்வீதியை 60இல் போகாமல் 30இல் போனால் பையனுக்குக் கூடுதலாகச் செலவாவது 5 நிமிடம். அவன் அந்த 5 நிமிடத்தைச் சந்தியில் நின்று என்ன செய்கிறான் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஒல்லாந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்து, இன்று உலகமே சைக்கிளுக்கு உதாரணம் காட்டும் நாடு. அதுவும் எம்மைப் போலச் சமதரைதான், வாய்க்கால் நிறைந்த நாடுதான். அங்கே 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீதி விபத்தில் செத்தார்கள். சிறுவர் கொலையை நிறுத்துங்கள் என்று பெயர் வைத்து ஓர் இயக்கத்தைத் தொடங்கித் தாய் தகப்பன்மார் வீதியை மறித்தார்கள். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. வாகனத்தைத்தான் மட்டுப்படுத்தச் சொன்னார்கள். அந்த நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தச் சனத்தின் பிடிவாதமும் இருக்கிறது.

பாதையில் கிடக்கும் நோவினை தரும் பொருளை அகற்றுவது தர்மம் என்று மத்ரஸாவில் ஆறு வயதில் படித்தோம். முள்ளும் கல்லும்தான் நோவினையா? பள்ளிக்கூடப் பிள்ளையை உரசிக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போகும் பைக் என்ன வகை?

இரண்டாவது காரணம், பார்க்க நல்லா இல்லை. இதை மார்க்கத்தின் பெயரால் சொல்கிறார்கள். அதனால் மார்க்கத்தில் இருந்தே கேட்கிறோம். வீதிகளில் உட்காருவோருக்கு நபி (ஸல்) அவர்கள் பாதையின் உரிமைகளைக் கற்றுக்கொடுத்த ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதில் முதலாவதாக வருவது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது நோவினை செய்யாதிருப்பது. கவனியுங்கள், அது சந்தியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொன்னது. நாம் அதைத் தலைகீழாக்கி, உட்கார்ந்திருக்கிறவனை உட்கார விட்டுவிட்டு, போகிற பிள்ளையை மறைக்கிறோம். ஒட்டகம் ஏறும் பெண்களில் சிறந்தவர்கள் என்று குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததும் ஹதீஸில்தான் இருக்கிறது. ஒட்டகத்தின் உயரமும் லேடீஸ் சைக்கிளின் உயரமும் எவ்வளவு என்று யாராவது அளந்து சொல்லட்டும்.

இன்னொன்று. ஸ்கூட்டியில் அபாயாவோடு வேலைக்குப் போகும் ஆசிரியைகள், தாதிமார், உத்தியோகத்தர்மார் எமது பிரதேசத்தில் எத்தனையோ பேர். மாஷா அல்லாஹ், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சம்பளம் வருகிறது அல்லவா. அதே வீட்டுப் பதின்மூன்று வயதுப் பிள்ளை வெள்ளை ஷல்வாரும் பர்தாவும் போட்டுச் சைக்கிள் மிதித்தால் மட்டும் மார்க்கம் இடிகிறதா? என்ஜின் இருந்தால் ஹலால், பெடல் இருந்தால் ஹராம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

துணி செயினில் மாட்டும் என்கிறார்கள் உம்மாமார். அது நியாயமான பயம், அதற்கு வழியும் இருக்கிறது. முழுச் செயின் கவர் உள்ள லேடீஸ் சைக்கிள் வாங்குங்கள். பின் சில்லின் இரண்டு பக்கமும் வலை போடலாம், சைக்கிள் கடைக்காரர் அரை மணித்தியாலத்தில் போட்டுத் தருவார். ஷல்வார் காலுக்கு ஒரு லாஸ்டிக் போதும்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டக் கதையை எமது ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த பூமி, ஏழைச் சனம், பெண்கள் சைக்கிள் ஏறினால் வாய்க்கு வந்ததைப் பேசும் ஊர்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது, எழுத்தறிவுக்காக. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிக்கும் பெண்ணுக்குச் சைக்கிளும் பழக்க வேண்டும், அவள் யாரையும் காத்திருக்காமல் போய்வர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். சில வருடங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அதில் முஸ்லிம் பெண்கள் நிறைய. சொந்தமாகச் சைக்கிள் வாங்க வசதியில்லாத ஒரு முஸ்லிம் ஆசிரியை தினமும் பின்னேரம் அரை மணித்தியாலம் வாடகைக்கு எடுத்து ஓடினார் என்ற தகவலும் அங்கே இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்களின் பார் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சந்தோசப்பட்டார்கள். யாருடைய ஈமானும் அந்த மாவட்டத்தில் சைக்கிள் சில்லில் நசுங்கியதாகக் கேள்விப்படவில்லை.

பிஹாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தார்கள். முரளிதரன், பிரகாஷ் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்ததில், உரிய வயதில் இடைநிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் 32 வீதம் கூடியிருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 வீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். மேலே நாம் சொன்ன சந்தித் தூரத்தை நினைத்துப் பாருங்கள். சவூதியிலேயே 2012இல் ஹைஃபா அல் மன்சூர் என்ற பெண் இயக்குநர், சைக்கிள் வாங்க ஆசைப்படும் ஒரு சிறுமியைப் பற்றி 'வஜ்தா' என்று படம் எடுத்தார். அடுத்த வருடமே அங்கே கட்டுப்பாடுகளோடு பெண்கள் சைக்கிள் ஓட அனுமதி வந்தது. 2018இல் கார் ஓட்டவும் அனுமதி வந்தது. அவர்களை விட நாம் பேணுதல் கூடியவர்களா?

நியாயமான பயங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கவில்லை. யானை வருகிறது. மஃரிபுக்குப் பிறகும் சுபஹுக்கு முன்பும் காட்டோரப் பாதையில் எந்தப் பிள்ளையும், ஆணோ பெண்ணோ, சைக்கிளில் போகக் கூடாது. அதனால்தான் கேட்கிறோம், டியூஷன் நடத்துகிறவர்கள் ஏன் ஆறரை வரைக்கும் பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள்? ஐந்து மணிக்கு விடுங்கள். மதவாச்சி–மன்னார் பிரதான வீதியில் பிள்ளைகளைத் தனியே ஓட விடச் சொல்லவும் இல்லை. கார்ப்பெட் போட்ட பிறகு அந்த வீதியின் வேகம் வேறு, ஓகஸ்டில் மடுத் திருவிழாக் காலத்தில் சொல்லவே வேண்டாம். நாம் பேசுவது உள்வீதிகளை, குளக்கட்டுகளை, வாய்க்கால் பாதைகளை. அவற்றையும் கார்ப்பெட் போட்டுத் தாருங்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். கேட்பது பிழையில்லை, மழைக்குச் சேறு யாருக்கும் வேண்டாம். ஆனால் கார்ப்பெட்டோடு வேகத்தடையும் கேட்காதவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கவில்லை.

ஊரில் தீர்க்கக்கூடியவை இருக்கின்றன. காலை 7 மணியில் இருந்து 8 மணி வரைக்கும், பள்ளிக்கூடம் விடும் 1.30இல் இருந்து 2.30 வரைக்கும் டிப்பர் உள்வீதிக்கு வரக் கூடாது என்று பள்ளிவாசல் நிர்வாகமும் டிப்பர் உரிமையாளர்களும் உட்கார்ந்து ஒரே நாளில் முடிவெடுக்கலாம். இதற்குக் கொழும்பில் இருந்து சுற்றுநிருபம் வரத் தேவையில்லை. நிக்காஹ் எழுத, காணிச் சண்டை தீர்க்க, ஜனாஸா அடக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதுவும் தெரியும். லைசன் இல்லாமல் பைக் ஓடும் பையனின் வாப்பாவைக் கூப்பிட்டுப் பேசலாம். குளக்கட்டுக்குக் கனரக வாகனம் ஏறாதபடி கம்பம் போடச் சொல்லி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போடச் சொல்லிப் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதலாம். எழுதித் தருவதற்கு நாங்கள் இருக்கிறோம். ஸகாத் கமிட்டி தையல் மெஷின் கொடுக்கிறது, நல்லது. அதோடு சேர்த்து, சந்திக்குத் தூரமான வீட்டுப் பெண்பிள்ளைகளில் தகுதியானவர்களுக்குச் செயின் கவரோடு சைக்கிள் கொடுப்பதைப் பற்றி உலமாக்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைகள் தனியே போக வேண்டாம், ஐந்தாறு பேராகச் சேர்ந்து போகட்டும். பெரிய தரத்து ராத்தாமார் முன்னாலும் பின்னாலும். 2022இல் அப்படித்தான் வந்தார்கள், யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

நுவரெலியாப் படம் போட்ட தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். கோபிக்க வேண்டாம், நீங்கள் எங்களிடம் படித்த பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு, பைக்கை வீட்டில் விட்டுவிட்டுத் தங்கச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டால் போய்ப் பாருங்கள். கொக்கு நிற்கும், தாமரை பூத்திருக்கும், காற்று வரும். பாதி வழியில் டிப்பர் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அப்போது தெரியும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு இன்ஷா அல்லாஹ் நாங்கள் வருகிறோம். டிப்பர் நேரத்தை முதல் விடயமாகப் போடச் சொல்லிக் கடிதம் கொடுத்தாயிற்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இங்கே எழுதுவதை விட அங்கே வந்து சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் உம்மாமாரும் வர வேண்டும், இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.